கீழே ஒரு தணல், மேலே ஒரு தணல்: கரண்ட் இல்லாமல் ரவை கேக்

யாங்கோனில், தாம்வேயில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. சொல்கிற நேரம் ஒன்று, வருகிற நேரம் இன்னொன்று. ஆகவே என் எலக்ட்ரிக் அவனுக்குள் இப்போது வெங்காயமும் பூண்டும் குடியிருக்கின்றன. கேக் சுடுவது கரி அடுப்பில்.

இந்தக் கேக்கை பர்மாக்காரர்கள் சனுவின் மகின் என்பார்கள். எங்கள் வீடுகளில் வெறும் ரவை கேக். மைதா கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. பொங்கவே வேண்டாத கேக் என்பதால் அமுங்கிப்போகும் பயமும் இல்லை. ஒருமுறை அமுங்கி அவமானப்பட்டவளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ரவை ஊறுகிற நேரத்தில் சொல்கிறேன்.

அளவுக்குக் காலியான கண்டென்ஸ்டு மில்க் டப்பா ஒன்று போதும். இந்த ஊரில் அரிசியையே அதில்தான் அளப்பார்கள், எட்டு டப்பா சேர்ந்தால் ஒரு பிய், அதாவது இங்குள்ள படி. ரவை ஒரு டப்பா, தேங்காய்ப்பால் இரண்டு டப்பா, தண்ணீர் ஒன்றரை டப்பா. சீனி முக்கால் டப்பா. தித்திப்பு அதிகம் வேண்டுமென்றால் முழு டப்பா. நெய் கால் டப்பா. அரை டீஸ்பூன் உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், தேங்காய்ப்பாலின் ருசியை வெளியே கொண்டுவருவது அதுதான். மேலே தூவக் கசகசா, உள்ளே போடக் கிஸ்மிஸ் ஒரு பிடி. முட்டை சிலர் போடுவார்கள், நான் போடுவதில்லை.

நெய் விலை கட்டவில்லையென்றால் கடலை எண்ணெய் ஊற்றலாம், குறைச்சல் ஒன்றும் இல்லை. கிஸ்மிஸ் இல்லையென்றால் கனிந்த வாழைப்பழத்தைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். வாழைப்பழத்தை வெட்டும்போதெல்லாம் எனக்கு ஆன் ஜட்சன் அம்மா நினைவு வரும். முதல் ஆங்கிலேய-பர்மா போர் தொடங்கிய 1824-ல் அவர் கணவர், அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை, அன்றைய தலைநகரான ஆவாவில் சிறைபிடித்துக் காலில் விலங்கு போட்டார்கள். எழுதி வைத்திருந்த பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை அந்த அம்மா ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றைப் பிரசங்கத்தில் அதிகம் சொல்வதில்லை. ஊர் ஞாபகமாகக் கணவருக்கு 'பை' (pie) என்கிற, உள்ளே இறைச்சி வைத்த பண்டம் ஒன்று செய்து கொடுக்க ஆசைப்பட்டு, கிடைத்த எருமை இறைச்சியையும் வாழைக்காயையும் வைத்தே ஒப்பேற்றி அனுப்பினார். கணவரால் ஒரு வாய்கூட உண்ண முடியவில்லை. அழுதுவிட்டு, கூட இருந்த கைதியின் கையில் கொடுத்துவிட்டார். சாமான் சரியில்லையே என்று நான் சலித்துக்கொள்கிற நாளில் அந்தப் பண்டத்தை நினைத்துக்கொள்வேன்.

சரி, வேலைக்கு வருவோம். ரவையை வெறும் சட்டியில், சிறு தீயில், பொன்னிறம் வரும்வரை வறுக்க வேண்டும். உப்புமாவுக்கு வறுப்பதைவிட இன்னும் கொஞ்சம் அதிகம். நன்றாக வறுபட்ட ரவை கட்டி தட்டாது, வாசனையும் அதிலிருந்துதான் வருகிறது. ஆறியதும் சீனி, உப்பு, தேங்காய்ப்பால், தண்ணீர் எல்லாம் ஊற்றிக் கலக்கி, முக்கால் மணி நேரம் மூடி வையுங்கள். ரவை பாலைக் குடித்துப் பருக்க வேண்டும். அவசரப்பட்டால் வாயில் நறநறக்கும்.

இப்போது அந்தக் கதை. சபைப் பெண்கள் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு என்னிடம் நான்கு கேக் கேட்டிருந்தார்கள். பாதியில் கரண்ட் போய், நான்கும் நடுவில் குளம் வெட்டியதுபோல் இறங்கிவிட்டன. என்ன ஆயிற்று என்று ஒருத்தி கேட்டாள். கரண்ட் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மற்றவர்களுடைய கேக்கெல்லாம் அதே கரண்டில் நன்றாக வந்திருந்தனவே! வாய் கூசாமல், "மதினிதான் பேக்கிங் பவுடரை அளந்து போட்டாங்க" என்றேன். மதினி அன்று என் அடுப்படிப் பக்கமே வரவில்லை. ஒருத்தியிடம் சொன்னது போதாதென்று மூன்று பேரிடம் சொன்னேன். சேவல் ஒன்றும் கூவவில்லை. இங்கே கூவுவது ஜெனரேட்டர்தான். ஆனால் அது மதினி காதுக்குப் போகும் என்று அன்று ராத்திரியே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரவை ஊறியிருக்கும். நெய்யை ஊற்றி நடுத்தரத் தீயில் வைத்துக் கைவிடாமல் கிண்டுங்கள். கேசரிப் பதம் தாண்டி, சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வர வேண்டும். பதினைந்து நிமிடம் ஆகலாம், கை வலிக்கும். கிஸ்மிஸை இப்போது போடுங்கள். நெய் தடவிய தட்டையான அலுமினியத் தேக்சாவில் கொட்டி, ஈரக் கரண்டியால் மேலே மழமழவென்று தேய்த்து, கசகசாவைத் தாராளமாகத் தூவுங்கள். என் தேக்சா 1964-ல் பெரியம்மா குடும்பம் மதராசுக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது. அடிப்பாகம் கனம், அதனால்தான் கருகாமல் தாங்குகிறது. உங்களுடையது மெல்லிசென்றால் அடியில் ஒரு தோசைக்கல்லைக் கொடுங்கள்.

அடுத்தது தணல். கரியை முழுதாகப் பற்றவைத்து, மேலே வெண்சாம்பல் பூத்தபின்தான் எடுக்க வேண்டும். மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு கீழே, அடுப்புக்குள். இரண்டு பங்கு மேலே, தேக்சாவை மூடிய தகரத் தட்டின்மேல், ஓரங்களில் அதிகமாக, நடுவில் குறைவாக. புதிதாகச் சுடுகிறவர்கள் செய்யும் தப்பு கீழே அதிகம் போடுவது. அடி ஏற்கெனவே வெந்தாயிற்று, சிவக்க வேண்டியது மேல்பக்கம். இதையெல்லாம் வராந்தாவிலோ வெட்டவெளியிலோ மட்டும் செய்யுங்கள். மூடிய அறைக்குள் கரித் தணல் ஆளைக் கொல்லும், அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனைகூடக் கிடையாது.

இந்தத் தணல் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது மதினிதான். கிறிஸ்துமஸ் போய், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்துகாலமும் வந்துவிட்டது. அதுவரை நான் கோயிலில் அவர்கள் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, ஐந்தாவது மாடிக்குப் படியேறி, ஒரு கையில் கரிப்பையும் ஒரு கையில் ரவையுமாக வந்து நின்றார்கள். "அடுப்பைப் பத்தவை" என்றார்கள். அவ்வளவுதான். வறுத்தார்கள், கிண்டினார்கள், தணலைப் பிரித்து வைத்தார்கள். நான் தேங்காய் துருவினேன், வாயைத் திறக்கவில்லை.

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடத்தில் எரிகிறது. ஒன்று பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில். அதில் குளிர்காய்ந்துகொண்டேதான், சேவல் கூவுமுன், இயேசுவின் சீஷனான பேதுரு தான் அவருடைய ஆள் அல்ல என்று சொன்னான். இன்னொன்று இயேசு உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில், அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். மூன்று தரம் மறுதலித்தவனிடம் ஆண்டவர் மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கத்தான் செய்கிறார். ஆனால் எப்போது கேட்கிறார் என்று பாருங்கள். முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி. சிறுவயதிலிருந்து எத்தனையோ தரம் வாசித்த அதிகாரம், அந்த வரிசை மட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை.

இருபது நிமிடம் கழித்து மேல்தட்டை இடுக்கியால் தூக்கிப் பாருங்கள். கசகசா செம்மண் நிறத்துக்கு வந்து, ஓரம் தேக்சாவை விட்டுப் பிரிந்திருந்தால் ஆயிற்று. இல்லையென்றால் இன்னும் பத்து நிமிடம். இறக்கியதும் வெட்டக் கூடாது. சூட்டில் கத்தி வைத்தால் அல்வாவாக ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, எண்ணெய் தொட்ட கத்தியால் சாய்சதுரமாக வெட்டுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்ததால் இந்த வெக்கையில் மறுநாளைக்கு மேல் தாங்காது, வேதாகமத்தில் வானத்திலிருந்து இறங்கிய மன்னா மாதிரிதான், வைத்திருந்தால் கெட்டுவிடும். அதனால் ஆறியவுடனே மாடிப்படி நெடுகப் பங்கு போய்விடும். எதிர்வீட்டு பர்மாக்கார அம்மாவுக்கு ஓரத்துண்டு பிடிக்கும்.

அன்று எனக்கும் மதினி ஓரத்துண்டுதான் வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டு துண்டு தின்று தண்ணீர் குடித்தேன். அப்புறம்தான், சாதாரணமாக, "மூணு பேர்ட்ட சொன்னியாமே?" என்று கேட்டார்கள்.

"ஆமா மதினி."

அந்த நேரம் பார்த்துத் தெருவெல்லாம் "மீ லா பீ!" என்று கூச்சல். கரண்ட் வந்துவிட்டது. மதினி எழுந்து ஃபேனைப் போட்டுவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு பேசியது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும்.

மிச்சத் தணலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சாம்பல் பறந்து வீடெல்லாம் ஆகும். ஒரு மண்பானையில் அள்ளிப் போட்டு இறுக மூடிவிடுங்கள். காற்றில்லாமல் தானே அணைந்துவிடும், அந்தக் கரி அடுத்த தடவை சீக்கிரம் பற்றும்.