இறுகிப்போன பிரேக் ஃபிட்டிங்கை மரை கெடாமல் கழற்றுவது எப்படி?

பழைய பிரேக் லைனை மாற்றும்போது காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பாகம்) பக்கத்து எல்போ, அதாவது எல் வடிவ ஃபிட்டிங், துளியும் அசையவில்லை. சிறிய விமானங்களில் இது அடிக்கடி நடக்கும். காலிப்பரின் உடம்பான சிலிண்டர் அலுமினிய வார்ப்பு, எல்போ இரும்பு, நடுவில் பல வருட ஈரம். இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்து, அந்த வெள்ளைப் பொடி மரைக்குள் உப்பி, ஃபிட்டிங்கைக் கவ்விக்கொள்கிறது. நீளமான ஸ்பேனரை மாட்டித் தொங்கினால் முதலில் போவது சிலிண்டரின் மரைதான். அதைக் கெடுக்காமல் எல்போவை எடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

ஸ்பேனரை எடுக்கும் முன், பிரேக்கைத் தொட உங்கள் நாட்டு விதி உங்களை அனுமதிக்கிறதா, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள், ஆயிலை வடித்துவிடுங்கள்.

எது எந்த உலோகம்?

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. நீலச் சாயம் ஏறியிருந்தால் பெரும்பாலும் அலுமினியம். பாகப் பட்டியலில் எல்போவின் எண் ஏஎன்822-4டி என்று இருந்தால் கடைசி 'டி' அலுமினியத்தைக் குறிக்கும், அது இல்லாத ஏஎன்822-4 இரும்பு. இதைத் தவிர்க்காதீர்கள், சூடு வைப்பதா குளிர வைப்பதா என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சில பழைய வார்ப்புகள் மெக்னீசியம். சந்தேகம் இருந்தால் அரம், கிரைண்டர் பக்கம் போகாதீர்கள். அந்தத் தூள் தீப்பிடிக்கும்.

முதலில் ஃபிளேர் நட்

ஃபிளேர் நட் என்பது குழாயின் விரித்த வாயை எல்போவோடு சேர்த்து இறுக்கும் நட். இந்தக் கால் அங்குலக் குழாயின் நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பேனர் வேண்டும், அதாவது 14.29 மி.மீ. 14 நுழையாது. 15 நுழையும், ஆனால் முனையை மழுங்கடித்துவிடும். சாதாரண ஓப்பன் ஸ்பேனரும் வேண்டாம். நட்டைச் சுற்றிக் கவ்வும் ஃபிளேர் நட் ஸ்பேனர்தான் சரி. வைஸ் கிரிப்பைப் பெட்டியை விட்டு எடுக்கவே எடுக்காதீர்கள்.

நட்டின் ஓரத்துப் பெயின்ட்டைப் பிளேடால் கீறிவிட்டு, மரையிலும் நட்டின் பின்பக்கம் குழாய் நுழையும் இடத்திலும் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். மவுஸ் மில்க், க்ரோயில் இரண்டுமே நன்றாக இறங்கும். டபிள்யூடி-40 இந்த வேலைக்குப் போதாது என்பது என் கருத்து. அதற்கு முன் டிஸ்க்கையும் பிரேக் பேடையும் பிளாஸ்டிக் பை போட்டு மூடுங்கள், எண்ணெய் பட்ட பேட் பிறகு உதவாது. ஒரு இரவு ஊறட்டும்.

அடுத்தது கொஞ்சம் பொறுமை கேட்கும் கட்டம். குழாயின் மேல் மார்க்கரால் நீளவாக்கில் நேராக ஒரு கோடு போடுங்கள். ஒரு ஸ்பேனரால் எல்போவை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள், கண் கோட்டின் மேலேயே இருக்கட்டும். நட் 'கிளிக்' என்று விட்டதும் வேலை முடிந்த மாதிரித் தோன்றும். ஆனால் கோடு நட்டோடு சேர்ந்து வளைகிறதா? அப்படியானால் மரை விட்டுவிட்டது, நட்டுக்குள் குழாயைச் சுற்றி இருக்கும் ஸ்லீவ் என்ற வளையம்தான் நட்டோடு ஒட்டியிருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள். தொடர்ந்து திருப்பினால் மெல்லிய அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். மறுபடி பின்பக்கம் எண்ணெய் விட்டு, கோடு அசையாத அளவுக்கு மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டத்தின் வீச்சு கூடும். முறுக்கின அடையாளம் கொஞ்சம் தெரிந்தாலும் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுங்கள்.

நட் வந்ததும் திறந்த வாய்களுக்கு மூடி போடுங்கள்.

எல்போவைச் சூடு வைத்து எடுப்பது

காலிப்பரை விமானத்தில் வைத்தே சூடாக்காதீர்கள். சிவப்பு நிற மில்-ஹெச்-5606 பிரேக் ஆயில் 82 பாகை செல்சியஸை ஒட்டியே தீப்பற்றும் ஆவி விடக்கூடியது. காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனையும் ஓ-ரிங்கையும் வெளியே எடுத்து, ஆயிலையும் விட்ட எண்ணெயையும் துடைத்து, மென்தாடை போட்ட வைஸில் பிடியுங்கள். இதே முறையை எரிபொருள் லைனுக்கு நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ஒரு பாகை சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 80 பாகை ஏற்றினால் பத்து மி.மீ. துளையில் இரண்டுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி சுமார் 9 மைக்ரான். அரிப்பின் பிடியை உடைக்க அது போதும். ஹாட் ஏர் கன்னை எல்போ மேல் காட்டாமல், சுற்றியுள்ள வார்ப்பின் மேல் சுழற்றிக் காட்டுங்கள். நெருப்பு ஜுவாலை கூடாது. 100–110 பாகையில் நிறுத்திவிடுங்கள். 6061-டி6 போன்ற அலுமினியக் கலவைகளுக்கு 160–175 பாகையில்தான் பதம் ஏற்றுகிறார்கள், அந்தப் பக்கம் போனால் உறுதி குறையும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளப்பான உலோகத்தில் உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளந்து பாருங்கள்.

சூடு ஆறுமுன் எல்போவின் உடம்பில் பித்தளைத் துண்டு வைத்துச் சின்ன சுத்தியலால் நாலு தட்டு தட்டிவிட்டு, சீராக இழுங்கள். "முதலில் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் பிறகு கழற்று" என்று சொல்வார்கள். நேர் மரைக்கு அது சரிதான். ஆனால் எல்போ வார்ப்புக்குள் நுழையும் பக்கம் 1/8 என்பிடி, அதாவது 16-க்கு 1 சரிவுள்ள கூம்பு மரை. இறுக்கினால் ஆப்பு அடிப்பதுபோல் வார்ப்பைப் பிளந்துவிடும், அதனால் நான் செய்யமாட்டேன். அதே கூம்பு இன்னொரு வகையில் நமக்கு நல்லது, ஒரு சுற்று நகர்ந்தால் மீதி கையாலேயே வரும். வரவில்லையென்றால் ஆறவிட்டு, எண்ணெய் விட்டு ஊறவைத்து, துடைத்து மறுபடி சூடாக்குங்கள்.

திரும்பப் போடும்போது

மரையை நைலான் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். இரும்புப் பிரஷ் அலுமினியத்தில் இரும்புத் துகளைப் பதித்து அடுத்த அரிப்பைத் தொடங்கிவைக்கும். கூம்பு மரைக்கு மட்டும் ஆயில் தாங்கும் பேஸ்ட் சீலன்ட் தடவுங்கள், முதல் மரையை விட்டுவிடுங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம், நூல் பிரிந்து உள்ளே போய் அடைக்கும். ஃபிளேர் மரைக்கு எதுவுமே வேண்டாம், அங்கே கசிவைத் தடுப்பது 37 பாகைக் கூம்பு முகம். கார் ஃபிட்டிங்கில் அது 45 பாகை, இரண்டையும் கலக்காதீர்கள். கால் அங்குல அலுமினியக் குழாயின் நட்டை இறுக்கும் முறுக்கு விசைக்கு, அமெரிக்க விமானத் துறையின் பராமரிப்புக் கையேடான ஏசி 43.13-1பி சொல்வது 40 முதல் 65 அங்குல-பவுண்டு.

பிற்சேர்க்கை

படித்தவர்களில் ஒருவர், எல்போ அலுமினியம், அது நுழைந்திருக்கும் உடம்பு இரும்பு, சூடு வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், உள்ளே இருப்பதுதான் அதிகம் விரிந்து இன்னும் இறுகும். எல்போ மேல் மட்டும் குளிரூட்டும் ஸ்ப்ரே அடித்து, உடனே திருப்புங்கள்.

இன்னொருவருக்கு எல்போ மரையோடு உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. ஈஸி-அவுட் என்ற கெட்டி எஃகு எக்ஸ்ட்ராக்டரைப் போடும் முன் யோசியுங்கள், அதுவும் உடைந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது. இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் சரியாக நடுவில் துளையிடுங்கள். பல சமயம் துளை போடும்போதே அது சுழன்று வந்துவிடும். வராவிட்டால் சிலிண்டரை மிஷின் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.