தும்மினால் கசியும் சிறுநீர்: எனக்குக் கைகொடுத்த பயிற்சி
பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், இருமினால் கசிந்த சிறுநீர் எனக்கு நின்றது இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால்தான். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் தசைகள் இவை. முதலில் சரியான தசை பிடிபட வேண்டும். வாயு பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளிழுத்து, அந்த இறுக்கத்தை முன்பக்கம்வரை கொண்டுவாருங்கள். பிட்டம், தொடை இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. கீழ்நோக்கி முக்கினால் கசிவு கூடத்தான் செய்யும்.

ஒரு வேளைக்கு 8 முறை இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் 5 விநாடி இறுக்கிப் பிடிப்பதில் தொடங்கி, போகப்போக 10 விநாடி வரை கூட்டுங்கள். இறுக்கிய அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம். தும்மல் வருமுன்பே இறுக்கிக்கொள்வது தனிப் பழக்கம். எனக்கு அதுதான் சீக்கிரம் பலித்தது.

சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் போகலாம். உடலுறவில் வலி இருந்தால் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அப்படியானால் இந்தப் பயிற்சி வலியைக் கூட்டலாம். அப்போது பிசியோதெரபிஸ்ட்டிடம் தளர்த்தத்தான் கற்க வேண்டும்.