பெருந்தொற்றுக் காலத்தில் படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள் (எல்லாம் நான் செய்தவைதான்)

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, நான் முதுகலையின் கடைசிப் பருவத்தில் இருந்தேன். அடுத்த ஆண்டு, இணையவழியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உதவும் மாணவர் குழுவில் சேர்ந்தேன். பார்த்தால், நான் விழுந்த அதே பள்ளத்தில் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருக்கிறார்கள். ‘நேரத்துக்குச் சாப்பிடு, கொஞ்சம் நட’ என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கட்டிலில் வகுப்பு

தலையணையில் சாய்ந்தபடி காலை வகுப்பு, அதே தலையணையில் இரவுத் தூக்கம். அப்புறம் ‘தூக்கமே வரவில்லை’ என்று புலம்பல். தூக்கமின்மைக்கான உளவியல் சிகிச்சையில் கட்டில் தூங்க மட்டுமே என்பது அடிப்படை விதி. இருப்பது ஒரே அறை என்றால் தரையில் ஒரு மூலையாவது படிப்புக்கென்று இருக்கட்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

தொற்று எண்ணிக்கையை மணிக்கொரு முறை பார்ப்பது

நாளுக்கு ஒரு முறை போதும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

ஒளிந்துகொள்வது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முதலில் என்மேல்.

ஆய்வேட்டில் மூன்று வாரம் பின்தங்கியிருந்தேன். நெறியாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அத்தியாயத்தை முடித்துவிட்டு ஒரேயடியாகப் பதில் போடலாம் என்று திறக்காமல் விட்டேன். இரண்டாவது வந்தது, கைப்பேசியில் அறிவிப்பை அணைத்தேன். மூன்றாவது வந்தபோது அவர் பெயரைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. திரையை மூடினேன், உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் பொறி. ஓடினால் மனம் லேசாகிறது என்று ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடுவோம். வேலை மட்டும் அங்கேயே குவிந்துகொண்டிருக்கும்.

ஆறு வாரம் கழித்து, ஒரு நள்ளிரவில் திறந்தேன். முதல் கடிதத்தில் மொத்தமே இரண்டு வரி. வீட்டில் எல்லோரும் நலமா என்று ஒன்று. கால நீட்டிப்புப் படிவத்தை இணைத்திருக்கிறேன், தேதிக்குள் அனுப்பிவிடு என்று இன்னொன்று. தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒரு பருவம் வீண், கட்டணமும் மறுபடி.

அந்த ஆண்டு பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் விதிகளைத் தளர்த்தின. சமர்ப்பிக்கும் தேதியைத் தள்ளிவைத்தார்கள், சில இடங்களில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தேர்ச்சி மட்டும் போட்டார்கள். ஆனால் தனிப்பட்ட சலுகை கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

“சாரிடம் சொன்னாயா?” என்று கேட்டால், “கொஞ்சம் முடித்துவிட்டுச் சொல்கிறேன் அக்கா” என்று பதில் வரும். நான் சொன்ன அதே வாக்கியம்! பாதி முடித்த பிறகு சொல்ல வேண்டிய விஷயம் இல்லை இது. இன்றே மூன்று வரி எழுதுங்கள்: “இரண்டு வாரமாகப் படிக்க முடியவில்லை. இரண்டாம் அத்தியாயம் பாதியில் நிற்கிறது. 20ஆம் தேதி வரை அவகாசம் கிடைக்குமா?” காரணக் கதை வேண்டாம். எதில் நிற்கிறீர்கள், எந்தத் தேதி வேண்டும், அவ்வளவுதான்.

திறக்கவே கை நடுங்குகிறதா? நண்பரை அழைப்பில் வைத்துக்கொண்டு, அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நான் இப்படி நான்கு பேருக்கு வாசித்திருக்கிறேன். மூன்று வெறும் நினைவூட்டல் கடிதங்கள்.

ஊரடங்கில் புது மொழி, கிடார், ஓவியம்

பாடத்தை முடித்தால் போதும்.

‘எல்லோருக்கும்தானே கஷ்டம்’ என்று வாயை மூடிக்கொள்வது

தேர்வுக்கு முந்தைய படபடப்பு வேறு. இரண்டு வாரமாகக் கிட்டத்தட்ட எல்லா நாளும் மனம் கனத்துக் கிடக்கிறது, பிடித்ததும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். காணொளி வழியாகவும் பேசலாம். வீட்டில் தனிமை இல்லாவிட்டால் மொட்டை மாடியிலிருந்தோ தெருவில் நடந்தபடியோ பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே, பக்கத்தில் இருப்பவரிடமோ உதவி எண்ணிலோ சொல்லிவிடுங்கள்.