காரணம் எழுதாத ஏடு: திறந்த மூல மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டாரின் கடைகளில், தவணை முடிந்த ஏஜெண்டு ஊர் திரும்புமுன் பேரேட்டையும் ஐந்தொகையையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்தாக வேண்டியிருந்தது. நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத் திட்டங்களிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்; ஏடு கைமாறுவதுதான் அரிது.

நிறுவும் முறையையும் இயக்கும் முறையையும் மென்பொருளோடு வரும் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் எழுதியதும் ஆவணப் பணி முடிந்ததாக எண்ணுவது முதல் தவறு. அது பயனருக்கு உரியது. நிரலைத் திருத்த வருபவருக்கு, ஒவ்வொரு முடிவும் ஏன் எடுக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும். காரைக்குடியில் சில மாணவர்களுடன் சேர்ந்து, பழைய கணக்கேடுகளுக்கான தேடுகருவி ஒன்றை எழுதியபோது இதைப் பட்டுத்தான் அறிந்தேன். எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு முறையில் ‘கோ’ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை கணினிக்கு வெவ்வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கும் வரியின்மேல் ‘சொல்லை இயல்பாக்குகிறது’ என்று மட்டும் நான் குறித்திருந்தேன். வேகத்தைக் கூட்ட முயன்ற மாணவர் ஒருவர் அதை வேண்டாத வரியென்று நீக்க, ‘கோட்டையூர்’ என்று தேடினால் பல ஏடுகள் அகப்படாமல் போயின. அவர்மேல் குற்றமில்லை, வரி செய்வதையே திருப்பிச் சொன்ன என் குறிப்பு அவருக்கு எதையும் சொல்லவில்லை.

தரநிலைகளில் நேரும் தவறு வேறு வகையானது. மென்பொருள் தரத்துக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 25010 வகுத்துள்ள நம்பகத்தன்மை, பாதுகாப்பு, பராமரிக்கும் எளிமை போன்ற பண்புகளைப் பங்களிப்பு விதிகளில் அப்படியே படியெடுத்துவிட்டு, அவற்றைச் சோதிக்கும் நிரலை எழுதாமல் விடுகிறார்கள். 2012 பிப்ரவரியில் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 6520, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பப்படும் ‘இதயத்துடிப்பு’ச் செய்தி தன் நீளத்தை மிகைப்படுத்திச் சொன்னால் அதை மறுமொழியின்றிக் கைவிட வேண்டும் என்று தெளிவாகவே விதித்திருந்தது. இணையத் தொடர்புகளை மறையாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் அந்தச் சரிபார்ப்பு விடுபட்டதால், 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற பெயரில் அது அம்பலமாகும்வரை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை நினைவகத் தரவு கசிய வழியிருந்தது. பொய்யான நீளத்தோடு ஒரு செய்தியை அனுப்பிப் பார்க்கும் சோதனையே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

முடிவுகளை அரட்டைக் குழுக்களில் விட்டுவிடுவதும் பரவலான தவறு. ஆவணம் நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே இருந்து, நிரல் மாறும் அதே திருத்தத்தில் தானும் மாற வேண்டும்.

எங்கள் கருவியில் அந்த வரி திரும்பிவிட்டது. அதன்மேல் ஓகாரக் குறியின் இரு வடிவங்களும் காரணமும் எழுதப்பட்டுள்ளன. யாரேனும் மறுபடி நீக்கினால், ‘கோட்டையூர்’ என்ற பெயரைத் தேடும் சோதனை உடனே தோற்கும்.