டெத் வேலியை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு முதல்முறை போனபோது நேரே பேட்வாட்டர் உப்புத்தரைக்குப் போனேன். நாலைந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன், ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த முறை மலையுச்சியில் தொடங்கி இறங்கினேன். அந்த வரிசையில் போனால்தான் அந்த நிலம் புரியும்.

குளிர்காலத்தில் போங்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. குளிர்காலத்திலும் ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

விடிந்ததும் 1,669 மீட்டர் உயரத்திலுள்ள டான்டேஸ் வியூ மலையுச்சி. வெயில் முதுகுப்பக்கமிருந்து வந்து எதிரே பனமின்ட் மலையில் விழும். அதன் அடிவாரத்தைக் கவனியுங்கள். வெள்ளம் உருட்டிவந்த கல்லும் சரளையும் பெரிய பெரிய விசிறிகளாக விரிந்து, ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். இப்போது உங்கள் காலடியில் குனிந்து பாருங்கள். இந்தப் பக்கத்து விசிறிகள் ஏன் இவ்வளவு சிறியவை? இங்கே பூமியின் மேலோடு இழுபட்டு மெலிகிறது. பள்ளத்தாக்கின் தரை கிழக்கு நோக்கிச் சாய்ந்தபடி, இந்த மலையடிவாரப் பிளவை ஒட்டித் தாழ்ந்துகொண்டே போகிறது. சேரும் கல்லெல்லாம் புதைந்துவிடுகிறது. இதைக் கண்ணால் கண்ட பிறகுதான் எனக்கு அந்த இடத்தின் மேல் பிரியமே வந்தது.

அடுத்து கோல்டன் கேன்யன் என்னும் மலையிடுக்கு. வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள். செங்குத்தாகச் சாய்ந்த மண்பாறைப் பலகை ஒன்றில் விரலை வைத்துத் தடவினேன். குளத்தோரச் சேற்றில் அலை விடும் வரிகள் அப்படியே கல்லாகியிருந்தன. பழைய ஏரியொன்றின் தரை அது. வழியில் தார்ச்சாலைத் துண்டுகளும் தென்படும். 1976இல் வந்த வெள்ளம் விட்டுவைத்த மிச்சம். எந்தக் கல்லையும் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

அதன்பின் பேட்வாட்டர். எல்லோரும் உப்பைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் திரும்பி மலையைப் பாருங்கள். பாறைமேல் கடல்மட்டத்தைக் காட்டும் பலகை எங்கோ உயரத்தில் தெரியும். நிற்பது அதற்கு 86 மீட்டர் கீழே. பனியுகத்தில் இங்கே மேன்லி ஏரி நிறைந்திருந்தது. ஏரி வற்றியது, உப்பு தங்கியது.

மாலையில் ஹார்மனி வெண்காரத் (போராக்ஸ்) தொழிற்சாலை. 1883 முதல் 1888 வரை சீனத் தொழிலாளர்கள் தரையிலிருந்து சுரண்டியெடுத்த வெண்காரத்தைக் காய்ச்சிய இடம். கோடை வெப்பத்தில் கரைசல் ஆறாது, படிகம் கட்டாது என்பதால் அந்த மாதங்களில் வேலை நின்றுவிடும். மோஹாவே ரயிலடிக்கு 265 கிலோமீட்டர். வெண்காரம் ஏற்றிய வண்டிகளைக் கோவேறு கழுதைகள்தான் இழுத்தன.

டெத் வேலி, அதாவது ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்பது 1849 குளிர்காலத்தில் தங்கம் தேடி வந்து வழிதவறியவர்கள் வைத்த பெயர். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு இது சொந்த மண். அவர்களுடைய பெயரே இங்குள்ள செங்காவிக் கல்லிலிருந்து வந்தது. 1933இல் அரசு இதைத் தேசிய நினைவிடமாக்கியது, 1994இல் தேசியப் பூங்காவாக்கியது. அவர்கள் நிலத்தில் ஒரு பகுதி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் திரும்பக் கிடைத்தது. ஃபர்னஸ் கிரீக்கில் அவர்கள் ஊரைக் கடக்கும்போது கேமராவை எடுக்காதீர்கள். அங்கே வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள்.