பாலிலிருந்து பிளாஸ்டிக்: வீட்டுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்கால பிளாஸ்டிக் ஒன்றை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பேக்லைட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. 1907-ல் லியோ பேக்லண்ட் அமெரிக்காவில் உருவாக்கிய அந்தப் பொருளுக்கு பீனாலும் ஃபார்மால்டிஹைடும் வேண்டும். பீனால் பட்ட இடம் மரத்துப்போகும்; வலி தெரிவதற்குள் தோல் வெந்துவிடும், உடலுக்குள்ளும் ஊறிவிடும். ஃபார்மால்டிஹைடோ புற்றுநோய் உண்டாக்குவது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு ஏற்றது பாலிலிருந்து வரும் கேசின் பிளாஸ்டிக். கேசின் என்ற பால் புரதத்தில் செய்வதால் இதை அரைச் செயற்கை என்பதே சரி. 1890-களின் இறுதியில் வில்ஹெல்ம் கிரிஷேயும் அடால்ஃப் ஸ்பிட்டெலரும் இதற்கு வழிகண்டார்கள். கழுவி எழுதக்கூடிய வெள்ளைப் பலகை செய்வதே நோக்கம். ஆனால் கலலித் என்ற பெயரில் அது பேர் வாங்கியது பொத்தான்களிலும் நகைகளிலும்.

செய்முறை எளிது. 250 மி.லி. பாலை ஆவி பறக்கும் வரை சூடாக்கி, நான்கு தேக்கரண்டி வினிகர் விட்டுக் கிளறினால் திரியும். பொங்கவிட வேண்டாம். ஆறிய பாலில் விட்டால் கட்டி சேராமல் பொடிப்பொடியாக நிற்கும். தெளிநீர் இன்னும் வெள்ளையாகக் கலங்கியிருந்தால் மட்டும் இன்னொரு தேக்கரண்டி வினிகர். கொஞ்சம்தானே வந்தது என்று மேலும் மேலும் ஊற்றுவதில் பயனில்லை. அவ்வளவு பாலில் இருக்கும் கேசினே 6, 7 கிராம்தான்.

கொழுப்பு மிகுந்த பாலை எடுப்பது அடுத்த தவறு. கொழுப்பு புரதத்துக்கு இடையே புகுந்து ஒட்டவிடாது. காய்ந்த துண்டு பிசுபிசுப்பாக இருக்கும், விரலால் அழுத்தினாலே உதிரும். கொழுப்பு நீக்கிய பால் நல்லது. கிடைக்காவிட்டால் டபுள் டோண்டு பால்.

வடிகட்டியதோடு நிறுத்திவிடாமல் கட்டியை நீரில் அலசுங்கள். உள்ளே தங்கும் தெளிநீரில் பால் சர்க்கரை இருக்கிறது; பூஞ்சை பிடிப்பதும் நாற்றமடிப்பதும் அதனால்தான். பிறகு துணியில் முறுக்கிப் பிழிந்து, விரிசல் மறையும்வரை பிசைய வேண்டும். நிறம் சேர்ப்பதானால் இப்போதே.

பெரும்பாலான துண்டுகள் கெடுவது காயவைப்பதில்தான். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் மேற்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில் பிளந்துவிடும். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். நிழலில் வைத்து, தினமும் திருப்பிப் போட்டு, இரண்டு மூன்று நாள் பொறுங்கள். சாவிக்கொத்து மாட்டத் துளை வேண்டுமென்றால் ஈரமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

காய்ந்த துண்டு தண்ணீரில் ஊறினால் மறுபடி இளகும். தொழிற்சாலைகளில் அதைத் தடுக்கத்தான் தகடுகளை ஃபார்மலினில் வாரக்கணக்கில், தடித்தவற்றை மாதக்கணக்கில் ஊறவைத்தார்கள். ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு கரைசலேதான். அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உங்கள் பொத்தானைத் துவைக்கும் சட்டையில் தைக்காமல் இருந்தால் போதும்.