நீலகிரி சோலைக்கிளி: ஒரே நாளில் பார்த்துப் படமெடுத்துத் திரும்ப

கிளி என்ற சொல்லைக் கேட்டதும் பச்சை நிறத்தையும் வளைந்த அலகையும் நினைத்துக்கொண்டு மலையேறுபவர், சோலைக்கிளி காலடியில் வந்து நின்றாலும் அதைத் தவறவிட்டுவிடுவார். மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகவே கிளி என்பார்கள்; சோலைக்காட்டில் (உயர்மலைகளிலுள்ள அடர்ந்த பசுமைமாறாக் காட்டில்) வாழும் சிறு பறவை என்பதுதான் இந்தப் பெயரின் பொருள். ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள இப்பறவையின் தலை, முதுகு, மார்பு ஆகியவை கருநீலமாக இருக்கும். வயிற்றின் நடுப்பகுதி வெளிறியும், விலாப்பகுதி செம்பழுப்பாகவும் தெரியும். உடலோடு ஒப்பிட்டால் கால்கள் நீளமானவை, ஏனெனில் அது பெரும்பாலும் தரையிலேயே தத்தித் தத்தி, சருகுகளுக்கிடையே பூச்சிகளைப் பொறுக்கி உண்டு வாழ்கிறது.

குளிர்காலத்தில் இமயமலைப் பகுதியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வரும் நீல ராபினை இதுவென்று எண்ணிவிடுவது புதியவர்களுக்கு எளிதில் நேரக்கூடிய பிழை. ஆண் நீல ராபினுக்குத் தொண்டையும் மார்பும் ஆரஞ்சு நிறமாகவும், கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைக் கோடு பளிச்சென்றும் இருக்கும். சோலைக்கிளிக்கோ மார்பு நீலம், புருவக்கோடு மெல்லியது. ஆகவே முதலில் மார்பைப் பாருங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் அதையொட்டிய சில உயர்ந்த மலைகளிலும் மட்டுமே இந்த இனம் வாழ்கிறது. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் இருப்பது இதன் நெருங்கிய உறவினமான வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இவ்விரண்டும் வேறெந்தப் பேரினத்திலும் அடங்காத தனிக்கிளை என்பது மரபணு ஆய்வில் தெரியவந்ததால், 2017இல் இவற்றுக்கென்றே 'சோலிகோலா' என்ற புதிய பேரினம் உருவாக்கப்பட்டது. நம் 'சோலை' என்ற சொல் அறிவியல் பெயருக்குள்ளும் நுழைந்துவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். ஆனால் அந்தச் சோலைகள் தேயிலைக்கும், சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) தோட்டங்களுக்கும் இடம்விட்டுச் சுருங்கிப் போயின. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்பறவையை அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே பட்டியலிட்டிருக்கிறது.

பயணத்துக்கு டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையிலான காலமே ஏற்றது. ஜூன் முதல் நவம்பர் வரை இரண்டு பருவமழைகளும் மூடுபனியும் மாறி மாறி வருவதால் நாளே வீணாகிவிடக்கூடும். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டம் நிரம்பி வழிவதோடு, பறவை கூடு கட்டும் காலமும் அதுவே என்பதால் அப்போது கேமராவோடு புதர்களை நெருங்காமல் இருப்பதே முறை. வார நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை, நாம் செல்லவிருக்கும், உதகைக்கு அருகிலுள்ள தொட்டபெட்டா சிகரத்தில் வாகன இரைச்சல்தான் கேட்கும்.

சொந்த வாகனத்தில் செல்பவர்கள் நீலகிரிக்கான இ-பாஸை முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். 2024 மே மாதம் முதல் இது நடைமுறையில் உள்ளது. அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது தேவையில்லை. கோவையிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கே புறப்பட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியை விடுத்துக் கோத்தகிரி வழியாக ஏறினால், உதகை நகருக்குள் நுழையாமலே தொட்டபெட்டா சந்திப்பை விடியும் வேளையில் அடைந்துவிடலாம். மலை ரயில் அழகான பயணம்தான், ஆனால் அது உதகையை அடையும்போது நண்பகலாகிவிடும் என்பதால் இந்த வேலைக்கு உதவாது. ஜனவரி விடியலில் உறைபனி விழும்; கம்பளி ஆடையும் காதுகளை மூடும் குல்லாவும் இல்லாமல் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முடியாது. குடிநீரைச் சில்வர் பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுவதும் தடை உள்ளது.

2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்துக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் சோலைக்காடு இருக்கிறது. சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்குவது சட்டப்படி குற்றம். இறங்க வேண்டிய தேவையும் இல்லை. முதன்முறை சென்றபோது இரண்டு மணி நேரம் அங்குமிங்கும் நடந்து, ஒருமுறை புதருக்குள் மறைந்த வாலை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை சாலையோரத்தில் ஈரச் சருகு குவிந்த ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து, ஏழெட்டு மீட்டர் தள்ளி, சாலையோரத்திலேயே ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். முதல் இருபது நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு மேலே நீலகிரிச் சிரிப்பான்கள் உரக்கக் கூவிக் கடந்து சென்றன. தாழ்ந்த கிளையொன்றில் கருப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் வந்தமர்ந்தது. அவை என்னைப் பொருட்படுத்தாமல் இரைதேடத் தொடங்கிய சற்று நேரத்தில், புதரின் அடியிலிருந்து சோலைக்கிளி தானாகவே வெளியே வந்து, நான்கு முறை தத்தி, நிமிர்ந்து நின்றது.

எனவே இடத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். நிழலும் ஈரமும் அடர்ந்த கீழ்ப்புதரும், அதன் முன்னே ஓரடி இரண்டடி அகலத்துக்குத் திறந்த தரையும் இருக்க வேண்டும். திறந்த தரை இல்லாத இடத்தில் பறவையின் குரல் கேட்கும், உருவம் கிடைக்காது. பறவை வரும்போது கையை உயர்த்திக் கேமராவை எடுத்தால் அது போய்விடும் என்பதால், கேமராவை முழங்காலிலோ தாழ்வாக விரித்த முக்காலியிலோ முன்பே நிறுத்தி, தரையை நோக்கிக் குவியத்தை அமைத்துவிடுங்கள். தாழ உட்காருவதால் பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸ் வந்துவிடும். படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சோலைக்குள் வெளிச்சம் மிகக் குறைவு. 400 மி.மீ. லென்ஸோடு, அதன் ஒளித்துளையை முழுமையாகத் திறந்து, ஒளியுணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 3200 முதல் 6400 வரை வைத்தாலும் ஷட்டர் வேகம் 1/200 நொடியைத் தாண்டுவது அரிது. இந்த வேகத்தில் தத்தும் பறவை கலங்கித்தான் பதியும். நல்ல வேளையாக, இரண்டு மூன்று தத்தலுக்கு ஒருமுறை அது சிலைபோல் நின்று தரையை உற்றுநோக்கும். அந்தக் கணத்தில் மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். கருநீலப் பறவையும் கருஞ்சருகும் நிறைந்த காட்சியைக் கேமரா தேவைக்கு மேல் வெளிச்சமாக்க முயன்று ஷட்டர் வேகத்தை இன்னும் குறைத்துவிடும் என்பதால், ஒளியளவை அரை முதல் முக்கால் ஸ்டாப் (ஒளியளவின் படி) வரை குறைத்து வைத்து, ரா (பதப்படுத்தாத மூல) கோப்பாகப் பதிவுசெய்வது நல்லது. கதகதப்பான காரிலிருந்து குளிரில் எடுத்த கேமராவைப் பையைத் திறந்து சிறிது நேரம் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது அதைவிடத் தீங்கானது. தன் எல்லைக்குள் போட்டிப் பறவை நுழைந்துவிட்டதென்று நம்பி, இரைதேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அது அலைகிறது. ஒவ்வொரு வார இறுதியிலும் பத்துப் பேர் வந்து அதே புதரில் இதையே செய்தால், சுருங்கிப்போன சோலையில் எஞ்சியிருக்கும் இணைக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். புழு, பூச்சி வைத்து ஈர்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

காலை ஒன்பதரைக்குள் தொட்டபெட்டாவில் கூட்டம் தொடங்கிவிடும். அப்போது உதகைக்குச் சென்று உணவருந்திவிட்டு, அவலாஞ்சி செல்லும் சாலையிலுள்ள கேர்ன்ஹில் வனப்பகுதிக்குச் செல்லலாம். நுழைவுக் கட்டணம் செலுத்தி, வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டும் நடக்க வேண்டும். அங்குக் காட்டெருமைகள் இருப்பதால், நுழைவாயிலில் இருக்கும் பணியாளரிடம் அன்று எந்தப் பக்கம் நிற்கின்றன என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள். கேமராக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் வருவது தெரியாது. நண்பகலில் சோலைக்கிளி அடங்கிவிடும். மூன்றரை மணிக்குப் பிறகு வெயில் சாய, மீண்டும் பாதையோரம் வரும்.

ஐந்து மணிக்குள் புறப்பட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பகுதியை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். இரவு வீடு சேர்ந்ததும், படம் கிடைத்ததோ இல்லையோ, கேட்ட குரலையும் பார்த்த எண்ணிக்கையையும் நேரத்தோடு, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதிவுசெய்யுங்கள். படத்தைப் பொதுவெளியில் பகிரும்போது 'நீலகிரி மாவட்டம்' என்பதோடு நிறுத்திக்கொண்டு, எந்தப் பள்ளம், எந்த வளைவு என்பதைக் குறிப்பிடாமல் விடுங்கள்.